‘அரவான்’ எடுத்த மலையடிவாரமும் இன்ன பிறவும்: படப்பிடிப்பு நடந்த இடங்களைத் தேடிச் சென்றவர்களின் அனுபவப் பகிர்வு

புதூர்வாசி:

சரித்திரக் கதை சொல்லும் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘அரவான்’. 2012 மார்ச் மாதம் வெளியான அந்தப் படத்தை வசந்தபாலன் இயக்கியிருந்தார். சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ நாவலில் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, 18-ஆம் நூற்றாண்டில் மதுரைச் சீமையில் களவையும் காவலையும் பிழைப்பாகக் கொண்டிருந்தவர்களின் வாழ்வை அது சொன்னது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அந்த நாவலை நான் படத்தைப் பார்த்த பிறகுதான் படித்தேன் என்பதையும், படித்த பிறகு படத்தின் மேல் சில மனத்தாங்கல்கள் உண்டானாலும் பிரியம் குறையவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆதியும் பசுபதியும் வெற்றுடம்போடு வரும் காட்சிகளில் நான் அவர்களைவிட அவர்களுக்குப் பின்னால் இருந்த பாறைகளைத்தான் அதிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலூர் ரோட்டில் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து பல்லாண்டுகளாகப் பார்த்துப் பழகிய பாறைகளின் சாயல் அவற்றில் இருந்தது.

இருந்தும், வீட்டிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் இடத்துக்குப் போய்வர எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. உள்ளூர் மாடு விலைபோகாது என்பது ஊர்களுக்கும் பொருந்தும் போலும். சென்ற மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மச்சானையும் அழைத்துக்கொண்டு இரு சக்கர வாகனத்தில் கிளம்பினேன். ஒத்தக்கடையில் யானைமலையைத் தாண்டி, நரசிங்கம்பட்டியில் பெருமாள்மலையைப் பார்த்துக்கொண்டே போய், நான்கு வழிச்சாலையை விட்டு அரிட்டாபட்டிக்குத் திரும்பினோம்.

மேலூர் வட்டாரத்தில் பழங்காலக் கதை ஒன்றைப் படமாக்க இடம் தேடுகிறவர்களின் சிரமம் அந்த வழியில் போனாலே விளங்கிவிடும். சுற்றுவட்டாரத்தில் பல குன்றுகள் கிரானைட்டுக்காக வெட்டப்பட்டு, கேக்கைக் கத்தியால் அறுத்தது போலச் செங்குத்தாக நிற்கின்றன. வெட்டுப்படாத குன்று இருந்தால் அதன் காலடியில் மின்கம்பம் இருக்கும். மின்கம்பம் இல்லாத இடத்தில் செல்போன் கோபுரம் தலையை நீட்டும். அரிட்டாபட்டிப் பக்கம் மட்டும் ஏழு குன்றுகளும் கண்மாய்களும் சுனைகளுமாக ஓரளவு கெடாமல் இருக்கின்றன. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரண்டு ஊர்களில் சுமார் 193 ஹெக்டேர் நிலத்தை 2022 நவம்பரில் அரசு அறிவித்ததும் அதனால்தான். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு என்று பறவை ஆர்வலர்கள் தேடிவரும் பறவைகள் அந்தப் பாறை இடுக்குகளில் இருக்கின்றன. அப்படியிருந்தும் 2024-இல் அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டு, ஊர் ஊராக மக்கள் திரண்டு போராடி, 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் போனபோது போராட்ட வாசகங்கள் சுவர்களில் அழியாமல் இருந்தன. ஊருக்குள் புதிதாக யார் வந்தாலும் ‘எதற்கு வந்தீர்கள்’ என்று கேட்கும் வழக்கமும் அந்த நாட்களின் மிச்சம் என்றே நினைக்கிறேன். கேட்டதில் தவறொன்றும் இல்லை.

எங்களைக் கேட்டவர் கண்மாய்க்கரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். படப்பிடிப்பு நடந்த இடத்தைப் பார்க்க வந்தோம் என்றதும் சந்தேகம் போய் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எந்தப் படம்னு சொல்லுங்க தம்பி. இங்கிட்டு எத்தனையோ பேரு வந்து எடுத்துட்டுப் போயிருக்காக. பேரெல்லாம் யாரு கண்டா?”

நான் படத்தின் பெயரைச் சொன்னேன். இயக்குநர், நடிகர்கள் பெயரையும் சொன்னேன். எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை. மச்சான்தான் கதையைச் சுருக்கி, ‘எல்லாரும் சட்டையில்லாமல் வருவார்களே’ என்றார்.

“அட, கோவணப் படமா! அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? அதுக்கு நீங்க ஓவாமலைக்கில்ல போகணும். மீனாட்சிபுரம் அங்கிட்டு இருக்கு.”

வழி சொன்னதோடு அவர் நிற்கவில்லை. பொதுவாகச் செட் போடுகிறவர்கள் மூங்கிலையும் கீற்றையும் போகும்போது விட்டுவிட்டுப் போவார்கள் என்றும், அதில் ஆட்டுக்கொட்டகை போட்டவர்கள் ஊரில் உண்டு என்றும் சொன்னார். ஒருமுறை ஏதோ ஒரு படத்துக்குச் செய்த கல்தொட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு தூக்கப் போனாராம். தூக்கினால் ஒரு ஆள் சுமைகூட இல்லை. உள்ளே சாக்குத்துணியும் சட்டமும், மேலே பிளாஸ்டர் மாவு. இருந்தாலும் விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தாராம். “விடிஞ்சு பாத்தா தொட்டி தயிரா நிக்கிது. மாடு என்னையப் பாக்குது, நா மாட்டப் பாக்குறேன்” என்றார்.

ஓவாமலையைப் பற்றி இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கல்வெட்டு ஆர்வலர்களுக்கு அது மாங்குளம் மலை. ராபர்ட் சீவெல் 1882-இல் கண்டறிந்த தமிழ்பிராமி எழுத்துகள் அங்கேயுள்ள குகைகளில்தான் இருக்கின்றன. கணி நந்தன் என்ற சமணத் துறவிக்கு, நெடுஞ்செழியனின் பணியாளாகிய கடலன் வழுதி பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் குகை, வெட்டிக் கொடுத்த செய்தியை அவை சொல்கின்றன. தமிழ்பிராமிக் கல்வெட்டுகளில் காலத்தால் மிக முந்தியவற்றுள் அவற்றை வைக்கிறார்கள், கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்பது ஐராவதம் மகாதேவன் முதலிய அறிஞர்களின் கணிப்பு. நான் போனது 18-ஆம் நூற்றாண்டைத் தேடி. அதற்கு இரண்டாயிரம் ஆண்டு மூத்த எழுத்து தலைக்கு மேலே இருக்க, கீழே தரையில் ஒரு சினிமாக் குடிசையின் குழி இருந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து மச்சானுக்கு ஏற்பட்ட எரிச்சலை நான் குறை சொல்ல மாட்டேன்.

கைப்பேசியில் படத்தின் நான்கைந்து காட்சிகளைப் படமாகச் சேமித்து வைத்திருந்தேன். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, திரையில் தெரியும் பாறையின் விளிம்பும் கண்ணெதிரே நிற்கும் பாறையின் விளிம்பும் ஒன்றோடொன்று பொருந்தும் வரை முன்னும் பின்னும் நகர வேண்டும். இரண்டு மணி நேரம் நகர்ந்தோம். கடைசியில், வலப்பக்கம் ஒட்டகத்தின் திமில் போல ஒரு மேடும் அதையடுத்து ஒரு சிறு பள்ளமுமாக இருந்த விளிம்பு, கோடு மாறாமல் வந்து உட்கார்ந்தது. அந்தக் கணத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை விவரித்தால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் நான் நின்றிருந்த இடமோ ஆளுயரச் சீமைக்கருவேலம் புதர். செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறிவிட்டது. மச்சான் முள்ளை எடுத்துக்கொண்டே, “இது படத்தில் இல்லையே?” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் படத்தை மறுபடி ஓட்டி, அந்தக் காட்சியை நிறுத்திப் பார்த்தேன், புதர் இல்லை. இருந்திருந்தால்தான் பிழை. சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்துத் தாவரம். இந்தியாவுக்கு வந்ததே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 18-ஆம் நூற்றாண்டு மதுரைச் சீமையில் அது ஒரு செடிகூட இருந்திருக்க முடியாது. அதன் பிறகு வேறு சில சரித்திரப் படங்களையும் இந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். பாண்டிய மன்னர்களின் குதிரைகளுக்குப் பின்னால் வேலிகாத்தான் என்கிற அதே சீமைக்கருவேலம் செழித்து வளர்ந்திருப்பதைப் பார்த்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. எந்தெந்தப் படங்கள் என்று கேட்காதீர்கள், நட்பு கெடும்.

மலையிலிருந்து இறங்கி வரும்போது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டோம். சொம்பில் கொடுத்துவிட்டு, எதற்காக வந்தோம் என்பதை விசாரித்தார். சொன்னதும், தம் வீட்டு மயிலைப் பசு அந்தக் கோவணப் படத்தில் மூன்று நாள் ‘நடித்திருக்கிறது’ என்றார். மனிதர்களுக்குக் கொடுத்த கூலியைவிட மாட்டுக்குக் கொடுத்த வாடகை கூடுதல் என்பதில் அவருக்குப் பெருமை. ஆனால் ஒரு குறையும் இருந்தது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பு சீவிப் பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தார்களாம். ஒரு கொம்பு சிவப்பு, ஒரு கொம்பு கறுப்பு. படக்காரர்கள் அதைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி, மிச்சம் இருந்ததன் மேல் சாணியைப் பூசிவிட்டார்கள். “ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்துச்சு” என்றார். மாட்டைச் சொன்னாரா தம்மையே சொன்னாரா என்று எனக்குத் தெளிவாகவில்லை. படத்தை இதுவரை பார்த்ததில்லை என்றும் சொன்னார்.

உங்களுக்கும் இப்படி அனுபவங்கள் இருக்கும். எந்தப் படம், எந்த இடம், அங்கே யாரைச் சந்தித்தீர்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

மகால் தெருக்காரி:

நான் பிறந்து வளர்ந்தது திருமலை நாயக்கர் மகாலுக்கு நான்கு வீடு தள்ளி. நீங்கள் இடத்தைத் தேடிக்கொண்டு போயிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலோ இடத்தைத் தேடிக்கொண்டு வருகிறவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தே அலுத்துவிட்டது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “‘கண்ணாளனே’ பாட்டு எங்கே எடுத்தார்கள்?”

‘பம்பாய்’ சரித்திரப் படம் ஆகாது என்று யாராவது சொல்வீர்கள். 1995-இல் வந்த படம், சென்னையில் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகளுக்குச் சரித்திரம்தான். சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தவள், ஒரு பெட்டி நிறைய உடையும் முக்காட்டுத் துணியும் கொண்டுவந்து, அந்தப் பாட்டில் வருவது போலவே தூணுக்குத் தூண் ஓடி ஒளிந்து படம் எடுக்க வேண்டும் என்று நின்றாள். டிக்கெட் எடுத்து உள்ளே கூட்டிப்போனேன். சொர்க்க விலாசத்தின் நடுமுற்றத்தில் நின்று சுற்றிப் பார்த்தவள் சொன்ன முதல் வார்த்தை, “சித்தி, நாற்காலியை எல்லாம் எடுக்கச் சொல்ல முடியாதா?” மாலையில் நடக்கும் ஒலி ஒளிக் காட்சிக்காகப் போட்டிருந்த நாற்காலி வரிசை அது. தலைக்கு மேலே புறாக்கள் வேறு; அவள் தோளில் புதுத்துணியில் ஒன்று தன் வேலையைக் காட்டிவிட்டது.

பாட்டில் அந்தத் தூண்களைப் பார்க்கும்போது பளிங்கோ கருங்கல்லோ என்று தோன்றும். கிட்டப் போய்க் கையை வைத்தால்தான் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் என்பது தெரியும். மொத்தம் 248 தூண்கள் என்பார்கள். இருவர் கைகோத்துக் கட்டிப் பிடித்தாலும் அடங்காத பருமன். கைக்கு எட்டும் உயரம் வரை ஒவ்வொரு தூணிலும் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. ஆணியாலோ சாவியாலோ கீறிய அந்தப் பெயர்களில், இதயக்குறிகளுக்கு நடுவே, ‘12-பி பிரிவு’ என்று ஒரு வகுப்பே சேர்ந்து கையெழுத்திட்டிருந்தது. சில தூண்களில் பெயரின் மேல் சுண்ணாம்பு பூசி, அதன் மேல் மறுபடி பெயர் கீறியிருக்கிறார்கள். என் அக்கா மகள் நல்ல பெண். கோணத்தை உயர்த்திப் பிடித்து, எழுத்துகள் எதுவும் தெரியாதபடி எடுத்துக்கொண்டாள். முக்காலியை வைக்கக் காவலர் விடவில்லை என்பதால் நான்தான் அரைமணி நேரம் கைப்பேசியை ஏந்திக்கொண்டு நின்றேன்.

கதைப்படி அது கடலோரக் கிராமத்து இஸ்லாமியக் கல்யாணம். எடுத்ததோ 1636-இல் கட்டிய நாயக்கர் அரண்மனையில். ராஜீவ் மேனனின் ஒளிப்பதிவு அதைக் கேள்வி கேட்கத் தோன்றாதபடி செய்துவிட்டது. நாம் இன்று பார்க்கும் மகால், முழு அரண்மனையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குப் போனபோது பெரும்பகுதியைப் பெயர்த்துவிட்டார். எஞ்சியதும் விழும் நிலையில் இருந்ததை, சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு 1866 தொடங்கி 1872 வரை பழுதுபார்க்கச் செய்தார். அந்தப் பழுதுபார்ப்பு இல்லையென்றால் பாட்டும் இல்லை.

எங்கள் தாத்தா வக்கீல் குமாஸ்தா. 1970 வரை மகாலுக்குள் நீதிமன்றம் நடந்துகொண்டிருந்தது. அவர் அந்தப் பாட்டை டிவியில் முதல் தடவை பார்த்தபோது நாங்கள் எல்லோரும் பக்கத்தில் இருந்தோம். மனீஷா கொய்ராலா ஒரு தூணுக்குப் பின்னால் மறைகிறார். தாத்தா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “அந்தத் தூணுக்குக் கீழேதான் ஒரு பாகப்பிரிவினைக் கேசுக்குப் பதினோரு வாய்தா வாங்கினோம்” என்றார். பாட்டு முடியும் வரை ஒவ்வொரு தூணாகக் காட்டி வாய்தாக் கணக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

புதூர்வாசி அவர்களுக்கு ஒரு கேள்வி: அந்த அம்மாவுக்கு மாடு வரும் காட்சியைக் காட்டியிருக்கலாமே?

அலங்காநல்லூர்ப் பக்கத்து ஆள்:

நான் இடத்தைப் பார்க்கப் போனவன் இல்லை; காட்சியாகவே நின்றவன். கல்லூரி முடித்து வேலையில்லாமல் இருந்த நாளில், மதுரைப் பக்கம் எடுத்த ஒரு பழங்காலப் படத்தில் பதினேழு நாள் கூட்டத்தில் ஒருவனாக நின்றேன். பேசிய சம்பளத்தில் பாதிதான் கைக்கு வந்தது என்பதால் படத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். ஏஜென்ட் எங்கள் ஊர்ப் பையன்களில் கறுத்து மெலிந்தவர்களாகப் பார்த்து வேனில் ஏற்றினார். கொஞ்சம் சிவந்து தொப்பை வைத்திருந்த என் சித்தப்பா மகனைத் திருப்பி அனுப்பிவிட்டார். வாழ்க்கையில் கறுப்புக்காக எனக்கு வேலை கிடைத்தது அந்த ஒருமுறைதான்.

காலை நான்கு மணிக்கே எழுப்பிவிடுவார்கள். உடைக்காரர் ஆளுக்கொரு துண்டுத்துணி கொடுப்பார். அதைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுத்துப் பழசாக்கியிருப்பார்கள். அதைக் கட்டத் தெரியாமல் நாங்கள் விழித்ததைப் பார்த்து, சமையல் வேலைக்கு வந்திருந்த ஒரு தாத்தா வரிசையாக நிறுத்திக் கட்டிவிட்டார். அதன்பிறகு மேக்கப் உதவியாளர் வந்து ஒவ்வொருவராகப் பரிசோதிப்பார். கையில் கயிறு, அரைஞாணில் தாயத்துத் தகடு, பல்லில் அடைத்த வெள்ளி, மணிக்கட்டில் வாட்ச் கட்டிய தடம், பாதத்தில் செருப்பு வார் தடம் என்று அவர் கண்ணுக்குத் தப்புவது எதுவும் இல்லை. தடங்களை எல்லாம் எண்ணெயில் குழைத்த மாவால் மறைத்துவிடுவார்.

அவருக்குப் பெரும் தலைவலி தடுப்பூசித் தழும்பு. எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு இடது தோளில் காசநோய்த் தடுப்பூசியின் குழி உண்டு. மூத்தவர்களுக்கு அம்மை குத்திய வட்டத் தழும்பு இரண்டு இருக்கும். சட்டையில்லாமல் நிற்கும் நூறு பேருக்கும் தோளைத் தூர்க்க வேண்டும். ஒருநாள் ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டேன். “அம்மை ஊசி இந்தியாவுக்கு வந்தது 1802-லதான் தம்பி. நம்ம கதை அதுக்கு முந்தி நடக்குது” என்றார். அவர் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். எனக்கு வரலாற்றில் பட்டம் இருந்தது. அந்த ஆண்டு எனக்குத் தெரியாது.

வெயில் ஏறினால் பூசிய மாவு வியர்வையில் வழிந்து தழும்பு வெளியே வந்துவிடும். அதனால் தழும்பு ஆழமாக உள்ளவர்களைப் பின்வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள். நான் பதினேழு நாளும் பின்வரிசை. படம் வந்தபோது நண்பர்கள் எட்டுப் பேரைச் செலவு செய்து தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். போர்க்காட்சியில் ஒரு ஈட்டி மட்டும் ஆளில்லாமல் ஆடுவது தெரியும். அதைப் பிடித்திருப்பவன் நான்.

பத்தாண்டு கழித்து மனைவி மக்களோடு அந்த இடத்தைப் பார்க்கப் போனேன். நாங்கள் நூறு பேர் கூச்சலிட்டு ஓடிய பொட்டலில் மனையடிக் கற்கள் ஊன்றியிருந்தன. நான் நின்ற இடம் என்று நினைத்த இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை, சதுர அடி விலையோடு. என் மகன், “அப்பா, நீங்க சண்டை போட்ட இடத்தை வாங்கலாமா?” என்றான். விலையைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

ஜெய்ஹிந்துபுரம் டீக்கடை:

நம்முடையது சிறிய அனுபவம்தான். 1980-ஆம் ஆண்டு மதுரையைக் காட்டும் ‘சுப்ரமணியபுரம்’ 2008-இல் வந்த நாளிலிருந்து, வெளியூர் உறவினர் யார் வந்தாலும் என்னிடம் அந்தத் தெருவைக் காட்டச் சொல்வது வழக்கமாகிவிட்டது. சுப்பிரமணியபுரம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். கோயம்புத்தூரிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவரை அழைத்துப்போய் நிறுத்தினேன். அடுக்குமாடி வீடுகளையும் செல்போன் கடைகளையும் பார்த்தவர், என்னை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். டீ மாஸ்டர்தான் காப்பாற்றினார்: “அந்தத் தெருவெல்லாம் இங்க ஏதுண்ணே? நம்ம ஊரு மாறிப்போச்சுன்னுட்டு முக்கால்வாசியத் திண்டுக்கல்லுலல்ல எடுத்தாங்க. மதுரையப் பாக்கணும்னா திண்டுக்கல்லுக்குப் போகச் சொல்லுங்க.” மாப்பிள்ளை அன்று மாலையே திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினார். பிரியாணி நன்றாக இருந்தது என்று இரவு போன் வந்தது. தெருவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

புதூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. அலங்காநல்லூர் நண்பர் எழுதியதைப் படித்ததிலிருந்து, சட்டையில்லாத கூட்டம் வரும் காட்சிகளில் எல்லாம் என் கண் இடது தோளுக்கே போகிறது. என் நிம்மதியைக் கெடுத்ததற்கு அவர்தான் பொறுப்பு.

மகால் தெருச் சகோதரி கேட்ட கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று மலையடிவாரத்தில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. சேமித்து வைத்திருந்த நான்கைந்து காட்சிகளும் பாறைக் காட்சிகள். மாடு எதிலும் இல்லை. எனவே போன வாரம், படத்தை முழுவதுமாகக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு, மாடுகள் தென்படும் இடங்களை நிமிடக் கணக்கோடு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, தனியாகவே மீனாட்சிபுரம் போனேன். மச்சான் வர மறுத்துவிட்டார்.

அந்த அம்மா வீட்டில்தான் இருந்தார். திண்ணையில் உட்கார வைத்துக் காட்டினேன். வெயில் வெளிச்சத்தில் திரை சரியாகத் தெரியவில்லை என்று முந்தானையைத் தலைக்கு மேல் கூடாரம் போலப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஊர்க் காட்சி ஒன்று வந்தது. ஆதியைப் பார்க்கவில்லை, பசுபதியைப் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை ஓட்டியபோது, குடிசைக்கு இடப்பக்கம், ஆட்கள் கடந்துபோகும் இடைவெளியில் ஒரு மாட்டின் முன்பாதி இரண்டு விநாடி தெரிந்தது. விரலை வைத்து நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். திரையில் பட்ட விரல் அழுக்கை முந்தானையால் துடைத்துவிட்டு, கண்ணருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

“இது எங்க மாடுதேன்” என்றார். “கழுத்துல மச்சம் தெரியிது பாரு.”

எனக்கு மச்சம் தெரியவில்லை. தெரிகிறது என்றேன்.

“ஆனா கொம்ப மொட்டையாக்கி வச்சிருக்கான் பாரு பாவி. அந்தச் செவப்பும் கறுப்பும் இருந்திருந்தா எம்புட்டு லட்சணமா இருந்திருக்கும்!”

கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, மாட்டை அவிழ்த்து நிழலில் கட்ட எழுந்து போனார். கொட்டகையில் இப்போது நிற்பது அந்தப் பசுவின் பேத்தியாம். அதன் கொம்புகளில் பொங்கலுக்கு அடித்த பெயிண்ட் உதிராமல் இருந்தது. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள்.